நிலவறைக் கதவு திறக்கும் நாள்



நாம் உண்ணும் சோற்றின் நெல்லை விளைவித்தவர் இன்னார் என்று நம்மிற் பலரால் இன்று சொல்ல முடியாது. சந்தைக்கு வரும் பண்டங்கள் எத்தனையோ கைகள் மாறி, எத்தனையோ கடல்கள் கடந்து வருகின்றன. செய்தவர் ஒரு மூலையிலும் நுகர்பவர் மறு மூலையிலும் இருக்க, இருவருக்குமிடையே வியாபாரிகளும் விளம்பரங்களும் நிற்கின்றன. இந்நிலையில், தாம் செய்த பொருளைத் தம் வாயிலிலேயே வைத்து, "சுவைத்துப் பாருங்கள், குறையிருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள், பிடித்திருந்தால் வாங்குங்கள்" என்று வழிப்போக்கரையும் அழைக்கும் ஒரு வழக்கம், ஐரோப்பாவிலே திராட்சைப் பழத்திலிருந்து வைன் செய்யும் சிறிய குடும்பங்களிடையே இன்றும் உயிரோடிருக்கின்றது. பிரான்சிலும் ஜேர்மனியிலும் இத்தாலியிலும் அதனைக் காணலாம். எனினும் ஒஸ்திரியா நாட்டில் அதற்குப் பின்னால் ஒரு சக்கரவர்த்தியின் கட்டளையும் இருக்கின்றது. ஒரு பெரும் அவமானமும் இருக்கின்றது. ஆகையால் இன்றைய பேச்சுக்கு ஒஸ்திரியாவையே எடுத்துக்கொள்கின்றேன்.

பாடசாலை அதிபர் ஒருவர் மதுவைப் பற்றி வானொலியிற் பேசலாமா என்று சில நேயர்கள் புருவத்தை உயர்த்தக்கூடும். நான் மது அருந்துபவன் அல்லன். அருந்துமாறு எவருக்கும் எடுத்துரைக்க வந்தவனும் அல்லன். உடல்நலத்துக்குத் தீங்கில்லாத மதுவின் அளவென்று ஒன்று இல்லையென உலக சுகாதார நிறுவனம் 2023 ஆம் ஆண்டிலே தெளிவாகக் கூறிவிட்டது. எனினும் ஒரு தொழிலைப் பற்றி அறிவது வேறு, அத்தொழிலின் பொருளை நுகர்வது வேறு. நான் சொல்லப்போவது தொழிலைப் பற்றியும், அதனைச் செய்வோரின் நாணயத்தைப் பற்றியுமே.

வியன்னா நகரிலிருந்து வடக்கே சென்றால், செக் நாட்டின் எல்லைவரை அலையலையாகத் தாழ்ந்தும் உயர்ந்தும் செல்லும் மேட்டுநிலம் ஒன்று பரந்து கிடக்கின்றது. அதற்கு வைன்ஃபியர்டெல் என்று பெயர். கீழ் ஒஸ்திரியா மாகாணத்தை நான்கு பகுதிகளாக வகுத்து, அவற்றுள் வைனுக்குப் பேர்போன பகுதி என்ற கருத்தில் இட்ட பெயர் அது. ஏறத்தாழ 14,000 ஹெக்டேயர் நிலத்தில் அங்கே திராட்சை பயிராகின்றது. நாட்டின் வைன் பிரதேசங்களுள் இதுவே மிகப் பெரியது. ஆயின் பெரிய மாளிகைகளையும் உயர்ந்த கோபுரங்களையும் அங்கே தேட வேண்டியதில்லை. சில ஹெக்டேயர் நிலத்தைத் தந்தையும் தாயும் மக்களுமாகப் பாடுபட்டுப் பயிரிடும் கமக்காரக் குடும்பங்களின் நாடு அது.

அந்நாட்டு மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பனியூழிக் காலத்திலே காற்று வாரிக்கொண்டு வந்து குவித்த மென்மையான மஞ்சள் நிறப் புழுதிமண் அங்கே மீற்றர் கணக்கில் தடித்துக் கிடக்கின்றது. மண்வெட்டியால் எளிதாக வெட்டலாம். வெட்டியபின் சுவர்போல் நிமிர்ந்து நிற்கும், இலகுவில் இடிந்து விழாது. இந்த வசதியைக் கண்ட முன்னோர், ஊருக்கு வெளியே மேட்டுச் சரிவுகளிலே சுரங்கம்போல் நீண்ட நிலவறைகளைக் குடைந்தனர். கோடையிலும் மாரியிலும் அவற்றின் உள்ளே வெப்பநிலை பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியசு அளவிலேயே நிற்கும். ஒவ்வொரு நிலவறையின் முகப்பிலும் பழம் பிழிவதற்கென வெள்ளையடித்த சிறு கட்டடம் ஒன்று எழும். இவ்வாறு வரிசையாக அமைந்த தெருக்களை நிலவறைத் தெரு என்ற பொருளில் கெல்லர்காசே என்பர். ஹாட்ரெஸ் என்ற ஊரிலே அத்தகைய தெரு ஒன்று ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு செல்கின்றது. வீடுகள்போல் தோன்றும் அக்கட்டடங்களில் எவரும் குடியிருப்பதில்லை. அடுப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. புகைபோக்கி இல்லாத கிராமங்கள் என்று அவ்வூரார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே திராட்சைப் பந்தல் போட்டவர்கள் அறிவார்கள், கொடியைக் கத்தரித்துவிட்டால் ஓராண்டுக்குள்ளேயே மீண்டும் காய்க்கும். மாரிக்கால உறக்கம் என்பது நம் நாட்டுக் கொடிக்கு இல்லை. குளிர் நாட்டிலோ ஆண்டுக்கு ஒரே ஒரு விளைச்சல். சனவரி, பெப்ரவரிக் குளிரிலே விரல் மரக்க நின்று கொடியைக் கத்தரிப்பதிலிருந்து, செப்டெம்பர், ஒக்டோபரிலே குலை கொய்யும்வரை செய்த பாடெல்லாம் ஒரு தடவைதான் பலன் தரும். நாற்பது ஆண்டு உழைத்த கமக்காரர் ஒருவர் தம் வாழ்நாளில் நாற்பது தடவைதான் வைன் செய்திருப்பார். ஒரு குயவரோ தச்சரோ ஒரு மாதத்தில் திருத்திக்கொள்ளும் பிழையை அவர் அடுத்த ஆண்டிலேதான் திருத்த முடியும்.

பழம் பறித்ததும் சாற்றின் இனிப்பை அளப்பர். வியன்னாவுக்கு அண்மையிலுள்ள குளொஸ்டர்நொய்பர்க் என்ற ஊரிலே 1860 ஆம் ஆண்டு திராட்சைப் பயிருக்கென்றே ஒரு கல்லூரி நிறுவப்பட்டது. அதன் முதல் அதிபரான பாபோ என்பவர் வகுத்த அளவுகோலையே ஒஸ்திரியர் இன்றும் கையாள்கின்றனர். நூறு கிராம் சாற்றிலே எத்தனை கிராம் சருக்கரை உண்டோ, அத்தனை பாகை என்பது கணக்கு. ஒரு பாடசாலையிற் பிறந்த அளவுகோல் ஒரு நாட்டின் கமக்காரர் அனைவரின் கையிலும் இருப்பதை, ஆசிரியத் தொழிலில் உள்ளவன் என்ற முறையிற் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகின்றேன்.

பின்னர் நொதித்தல் தொடங்குகின்றது. நொதியம் என்னும் நுண்ணுயிர் சருக்கரையை மதுசாரமாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கின்றது. ஒரு லீற்றர் சாறு நொதிக்கும்போது நாற்பது லீற்றருக்கு மேற்பட்ட வாயு வெளிப்படும். அது காற்றிலும் பாரமானது, நிலவறையின் அடியிலே தங்கும், மூச்சை அடைக்கும். ஆதலின் அக்காலத்தில் நிலவறைக்குள் இறங்குபவர் மெழுகுதிரி ஒன்றைக் கொளுத்தித் தாழப் பிடித்துக்கொண்டே இறங்குவர். சுடர் அணைந்தால் அங்கேயே திரும்பிவிடவேண்டும். பாழடைந்த கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் நம் கிராமத்தவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இன்று வாயுவை அறியும் கருவிகள் வந்துவிட்டன. எனினும் மெழுகுதிரியை வயது முதிர்ந்தோர் மறந்துவிடவில்லை.

இனிச் சக்கரவர்த்தியின் கட்டளைக்கு வருவோம். 1784 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் 17 ஆந் திகதி, இரண்டாம் யோசேப்புச் சக்கரவர்த்தி ஓர் ஆணை பிறப்பித்தார். தம் நிலத்தில் விளைந்த உணவுப் பொருளையும் வைனையும் பழச்சாற்றையும், ஆண்டின் எக்காலத்திலும், தாம் விரும்பிய விலைக்கு, எவரும் தாமே விற்கலாம் என்பதே அதன் சாரம். நிலவுடைமைப் பிரபுக்கள் தங்கள் தவறணைகளில் இன்னாருடைய வைனையே விற்கவேண்டும் என்று கமக்காரரை நெருக்கிய காலம் அது. அவ்வாணை வந்தபின், விற்பதற்கு வைன் உள்ள வீட்டுக்காரர் ஊசியிலை மரக்கிளையிற் கட்டிய கொத்து ஒன்றைக் கோலிலே கட்டி வாசலில் நீட்டிவைப்பர். கொத்து வெளியே நின்றால் கதவு திறந்திருக்கின்றது என்பது பொருள். தீர்ந்துவிட்டால் அதனை எடுத்துவிடுவர். வியன்னாவைச் சூழ்ந்த ஊர்களிலே ஹொய்ரிகர் என்று பெயர் பெற்ற எளிய வைன் வீடுகள் இந்த ஆணையின் வழிவந்தவையே. அந்த ஆண்டு வைன் என்பதே அச்சொல்லின் பொருள். நவம்பர் 11 ஆந் திகதி, புனித மார்ட்டின் திருநாள் வந்ததும், அதுவரை புதியது எனப்பட்ட வைன் பழையது ஆகிவிடும். அப்போது பிழிந்த சாறு புதியது என்னும் பட்டத்தை ஏற்கும்.

ஆனால் ஹொய்ரிகரிலே குடிப்போர் அமர்ந்து உண்டு களித்துப் பேசுவதற்காகச் செல்கின்றனர். நான் கூறவந்த திறந்த நிலவறை நாளோ அதனின்றும் வேறுபட்டது. அது ஏறக்குறைய ஒரு பரீட்சை மண்டபம். பரீட்சிக்கப்படுபவர் வீட்டுக்காரர், பரீட்சகர் விருந்தாளி.

பெரும்பாலும் வசந்த காலத்திலே, சென்ற ஆண்டுப் பழத்தின் வைன் போத்தலில் அடைக்கப்பட்டபின், ஒரு வார இறுதியில் அயலிலுள்ள பல குடும்பங்கள் ஒன்றாகப் பேசிவைத்துக்கொண்டு தத்தம் கதவுகளைத் திறக்கும். வருவோர் சிறு கட்டணம் செலுத்தி ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டு, ஒரு வாசலிலிருந்து மறு வாசலுக்கு நடப்பர். பிழிகூடத்தில் ஒரு நீண்ட மேசை, இரண்டு வாங்குகள், வரிசையாகப் போத்தல்கள், தட்டிலே பாணும், பக்கத்திலே தண்ணீர்க் கூசாவும், துப்புவதற்கு ஒரு பாத்திரமும். மேசைக்குப் பின்னால் நிற்பவர் கூலிக்கு அமர்த்திய விற்பனையாளர் அல்லர். சென்ற மாரியிலே கொடி கத்தரித்தவரே நிற்கின்றார். அவருடைய உள்ளங்கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கிண்ணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வார்ப்பதில்லை. சுவைப்பதற்காயின் அதனினும் குறைவு. மெல்லிய, இனிப்பற்ற வைனிலே தொடங்கி, கனத்ததையும் இனியதையும் கடைசிக்கு விடுவர். இனிப்பை முதலிற் சுவைத்த நாவுக்குப் பின்னர் வருவது புளிப்பாகவே தோன்றும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிந்த உண்மை. கிண்ணத்தை அதன் காலிலே பிடிக்கவேண்டும். கிண்ணத்தின் வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு உள்ளே இறங்கும். வெள்ளைத் துணிக்கெதிரே நிறத்தைப் பார்த்து, மெல்லச் சுழற்றி, முகர்ந்து, பின்னரே ஒரு சிறு மிடறு. அம்மிடற்றையும் உடனே விழுங்காமல், உதட்டைச் சிறிது திறந்து காற்றை உள்ளே இழுத்து வாயிற் புரட்டுவர். பார்ப்பவருக்கு இது நாகரிகக் குறைவாகத் தோன்றலாம். காரணம் உண்டு. சுவை என்று நாம் எண்ணுவதிற் பெரும்பகுதி உண்மையில் மணமே. வாயின் பின்புறத்தால் மூக்குக்கு ஏறும் ஆவியையே மூளை சுவையென்று கணக்கிடுகின்றது. தடிமன் பிடித்த நாளில் மீன்குழம்பு சப்பென்று இருப்பதும் இதனாலேதான்.

அதன்பின் துப்பிவிடுவர். ஆம், விழுங்குவதில்லை! நாள் முழுவதும் முப்பது நாற்பது வைன்களைச் சுவைக்க வேண்டியவர் எல்லாவற்றையும் விழுங்கினால், ஐந்தாவது வாசலிலேயே அவரது தீர்ப்பு கெட்டுவிடும். மேசையின் மூலையில் இருக்கும் அந்தப் பாத்திரத்தை நாடாதவரும் உண்டு. சுவைப்பதற்கன்றிக் குடிப்பதற்கென்றே வரும் அத்தகையோரை எந்த வீட்டுக்காரரும் விரும்புவதில்லை. ஒஸ்திரியாவிலே இரத்தத்தில் ஆயிரத்துக்கு அரைப்பங்கு மதுசாரம் ஏறினாலே மோட்டார் வண்டி செலுத்துவது குற்றம். ஆகையால் குடும்பமாக வருவோரில் ஒருவர் நொதிக்காத திராட்சைச் சாற்றோடு நின்றுவிடுவார். அவருக்கென்றும் ஒரு போத்தல் மேசையில் இருக்கும்.

நம் புலன்கள் எவ்வளவு எளிதில் ஏமாறுகின்றன என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். பிரான்சிலே போர்தோ நகரில், வைன் கலை பயிலும் மாணவர் 54 பேரிடம் வெள்ளை வைனைக் கொடுத்து மணத்தை வருணிக்கச் சொன்னார்கள். பின்னர் அதே வெள்ளை வைனுக்கு மணமற்ற சிவப்புச் சாயம் ஊட்டிக் கொடுத்தார்கள். மாணவர்களோ சிவப்பு வைனுக்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தார்கள்! 2001 ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சி, கண் கண்டதையே மூக்கும் ஒப்புக்கொள்கின்றது என்பதைக் காட்டியது. பெரிய பெயரும் தங்க எழுத்து முகப்புச் சீட்டும் இதே வேலையைத்தான் செய்கின்றன. சிறு கமக்காரரின் நிலவறையில் அந்த மயக்கத்துக்கு இடம் குறைவு.

வைன்ஃபியர்டெல்லிலே அதிகம் பயிராவது குரூனர் ஃபெல்ட்லீனர் என்ற வெள்ளைத் திராட்சை. ஒஸ்திரியாவின் திராட்சைத் தோட்டங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்த ஒரே இனம். அதிலே மிளகின் மணம் வீசுகின்றது என்று அவ்வூரார் நெடுங்காலமாகச் சொல்லிவந்தனர். இது வெறும் உவமை என்றே பலரும் நினைத்தனர். 2008 ஆம் ஆண்டு அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர், சிராஸ் என்னும் கருந்திராட்சையில் மிளகு மணத்தைத் தருவது ரொட்டன்டோன் என்ற பொருளே என்று கண்டனர். மிளகிலும் மிளகு மணத்தைத் தருவது அதுவேதான். பிற்பாடு குரூனர் ஃபெல்ட்லீனரிலும் அது இருப்பது அறியப்பட்டது. மாத்தளைக் கொடியில் விளையும் மிளகும் டானியூப் நதிக்கு வடக்கே விளையும் திராட்சையும் ஒரே வாசனையைச் சுமக்கின்றன என்பது எனக்கு வியப்பையே தருகின்றது. அதனினும் வியப்பு, ஐவரில் ஒருவருக்கு அந்த மணம் சிறிதும் தெரிவதில்லை என்பது. ஒரே மேசையில் நிற்கும் கணவன் "மிளகு" என்கின்றான், மனைவி "எங்கே?" என்கின்றாள். இருவரும் உண்மையே பேசுகின்றனர்.

இனி அந்த அவமானத்துக்கு வருவோம். 1970களிலும் 80களிலும் இனிப்பான மலிவு வைனுக்கு ஜேர்மனியிலே பெருங் கிராக்கி இருந்தது. இயற்கையாக அத்தகைய இனிப்பு வேண்டுமாயின் பழம் கொடியிலேயே மிகப் பழுத்து வற்றவேண்டும். அது எல்லா ஆண்டிலும் வாய்ப்பதன்று. ஒப்பந்தமோ கையெழுத்தாகிவிட்டது. வெறும் சருக்கரையைச் சேர்த்தாற் பரிசோதனையில் அகப்பட்டுவிடும். ஆகையால் சில பெரிய வியாபாரிகளும் அவர்களோடு சேர்ந்த சிலரும், டை எதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனத் திரவத்தை வைனிலே கலந்தனர். அது இனிப்பையும் கனத்தையும் தந்தது. அதுவோ நஞ்சு. ஆய்வுகூடங்களில் அதனைத் தேடவேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் எழவில்லை. 1985 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஜேர்மன் அரசாங்கம் பகிரங்கமாக எச்சரித்தபோது உலகம் முழுவதும் செய்தி பரந்தது. எவரும் அதனால் இறந்ததாக உறுதியாகவில்லை என்பது ஓர் ஆறுதல். கலந்தவர்களிற் பலர் நீதிமன்றம் ஏறினர். சிலர் சிறை சென்றனர்.

தண்டனை அவர்களோடு நின்றதா? இல்லை. பல நாடுகள் ஒஸ்திரிய வைனைத் தடை செய்தன. ஏற்றுமதி பத்திலொரு பங்களவுக்கு வீழ்ந்து, அந்தத் தசாப்தம் முடியும்வரை எழவில்லை. கிளைக்கோல் என்ற பெயரையே கேள்விப்படாத, இனிப்பு வைனே செய்யாத கமக்காரர்களின் பீப்பாக்களும் நிலவறையில் தேங்கின. ஒரு வியாபாரியின் கலப்படத்துக்கு ஆயிரம் குடும்பங்கள் பதில் சொல்லவேண்டியதாயிற்று. கடைத்தட்டில் இருக்கும் போத்தல் தனக்காகப் பேசமாட்டாது. "ஒஸ்திரியா" என்ற ஒரு சொல்லே அதனைக் குற்றவாளியாக்கிற்று.

அதே ஆண்டு ஆகத்து முடிவதற்குள் பாராளுமன்றம் புதிய வைன் சட்டம் ஒன்றை இயற்றியது. ஐரோப்பாவின் மிகக் கடுமையான வைன் சட்டங்களுள் ஒன்று அது. ஒரு ஹெக்டேயரில் இன்ன அளவுக்கு மேல் விளைவிக்கலாகாது என வரம்பு வந்தது. தரமான வைன் என்று பெயரிட்டு விற்க விரும்புவோர் அதனை அரசாங்கப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். ஆய்வுகூடம் ஒருபுறம் பார்க்க, செய்தவர் பெயர் அறியாத சுவைஞர் குழு மறுபுறம் சுவைத்துப் பார்க்கும். இரண்டிலும் தேறினாற்றான் எண் கிடைக்கும். போத்தலின் மூடியில் நாட்டுக் கொடியின் சிவப்பு வெள்ளை சிவப்பு நிறத்திலே ஓர் அடையாளமும் உண்டு.

சட்டம் வேண்டியதே. ஆயின் அரசாங்க எண் ஒன்று மட்டும் இழந்த நம்பிக்கையை மீட்டுத் தந்துவிடவில்லை என்றே நான் கருதுகின்றேன். பெருவியாபாரியிடம் மொத்தமாக விற்றுவந்த பல குடும்பங்கள், தாமே போத்தலில் அடைத்துத் தம் பெயரையே முகப்பில் ஒட்டத் தொடங்கின. பெயரை ஒட்டியபின் ஒளிந்துகொள்ள முடியாது. கதவைத் திறக்கவேண்டும், வருபவர் கேட்கும் கேள்விக்கு விடை கூறவேண்டும். இனிப்பு வைனை விட்டு, கலப்படத்தை மறைக்க இடமில்லாத இனிப்பற்ற வைனுக்கு நாடே திரும்பியதும் இக்காலத்திலேதான்.

கேள்விகளோ சாமானியமானவை அல்ல. எப்போது கொய்தீர்கள்? என்ன மருந்து தெளித்தீர்கள்? கந்தகம் எவ்வளவு சேர்த்தீர்கள்? சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு ஏன் புளிக்கின்றது? கந்தகம் என்றதும் நேயர்கள் திடுக்கிடவேண்டாம். வைன் கெடாதிருக்கச் சிறிதளவு கந்தகவீரொட்சைட்டுச் சேர்ப்பது பழைய வழக்கம். சட்டம் அதற்கு எல்லை வகுத்திருக்கின்றது. நேர்மையான கமக்காரர் அளவைச் சொல்லிவிடுவார். மழை அதிகம் பெய்த ஆண்டாயின், "இவ்வாண்டு மெலிவுதான், சென்ற ஆண்டினதைக் கொண்டுபோங்கள்" என்று தாமே கூறுபவரும் உண்டு. அப்படிச் சொல்பவரிடமே ஆண்டுதோறும் மனிதர் திரும்பி வருகின்றனர். சுவைத்துவிட்டு ஒன்றும் வாங்காமற் செல்வோரும் பலர். அவர்களுக்கும் அதே முகமலர்ச்சியோடு வார்த்துக் கொடுக்கவேண்டும். அதுதான் அந்த நாளின் கடினமான பகுதி. மொத்த வியாபாரிக்குச் சாற்றை விற்றாற் கிடைக்கும் விலைக்கும், வாசலிலே போத்தலாக விற்றாற் கிடைக்கும் விலைக்குமுள்ள வித்தியாசத்திலேதான் சிறு குடும்பத்தின் வாழ்வு தங்கியிருக்கின்றது. அடுத்த தலைமுறை கொடியைப் பற்றுமா, அன்றி வியன்னாவிலே உத்தியோகம் தேடிச் செல்லுமா என்பதும் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தைப் பொறுத்ததே.

திறந்த நாள் வருவது பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில் என்றேன். அப்போது கொடிகளில் இளந்தளிர் விட்டிருக்கும். விருந்தாளிகளுக்கு அது கண்ணுக்கு இனிய காட்சி. வீட்டுக்காரருக்கோ நெஞ்சுக்குள் அச்சம். மே மாத நடுப்பகுதியிலே வரும் சில புனிதர்களின் திருநாட்கள் கழியும்வரை இரவுப் பனி விழலாம் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. பனிப் புனிதர்கள் என்றே அவர்களை அழைப்பர். 2016 ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில் விழுந்த உறைபனி ஒஸ்திரியாவின் பல பகுதிகளில் தளிர்களை ஒரே இரவிற் கருக்கிவிட்டது. ஆதலின் மாலையிலே கடைசி விருந்தாளி பெட்டியைத் தூக்கிச் சென்றபின், கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவர் முதலில் பார்ப்பது பணப்பெட்டியை அன்று. வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்க்கின்றார். முகில் மூடியிருந்தால் நிம்மதியாக உறங்கலாம். தெளிந்த வானமாய் இருந்தால், விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குச் சென்று வெப்பமானியைப் பார்த்துவர வேண்டும்.